பஞ்சுக்கடைத் தெருவின் மத்தியான ராத்திரி

தார்ச்சாலையில் செருப்பு ஒட்டுகிற அளவுக்கு வெயில் அடித்துக்கொண்டிருந்த ஓர் ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, தேரிமடை நகராட்சிக்கு உட்பட்ட பஞ்சுக்கடைத் தெருவில், மேல்கோடி பால் டிப்போவிலிருந்து கீழ்க்கோடி டிரான்ஸ்பார்மர் வரைக்கும் ராத்திரி வந்தது. வந்தது என்றால் மேகம் மூடி இருட்டியதில்லை, கிரகணமும் இல்லை, நட்சத்திரங்களோடும் பாதி நிலாவோடும் சில்வண்டுச் சத்தத்தோடும் அசல் ராத்திரியே வந்து நின்றது. பக்கத்துத் தெருவில் வெயில் அடித்தது. எங்கள் தெருவில் கோழிகள் கூட்டுக்குள் போய் அடைந்தன.

நான் அப்போது ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். ஊசி கண்ணுக்குத் தெரியாமல் போனதும் எழுந்து லைட்டைப் போட்டேன், மறுபடி உட்கார்ந்து தைத்தேன், வேறென்ன செய்வது? பக்கத்து வீட்டுச் செண்பகம் வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"யக்கா, முப்பிடாதியக்கா! காயப்போட்ட வத்தல எடுத்துரட்டுமா, இல்ல சீக்கிரம் விடிஞ்சிருமா?"

"எடுத்துரு. பனி விழுந்தா நமத்துப் போகும்."

ஐந்து மணிக்கு விடிந்தது. அந்தி வெயில் விழுந்தது, கோழிகள் வெளியே வந்து குழம்பி நின்றன, அப்புறம் ஏழு மணிக்கு வழக்கமான ராத்திரி வந்து மறுபடி அடைந்தன. மறுநாளும் இரண்டு மணிக்கு ராத்திரி வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. ஒரு வாரத்தில் எங்களுக்குப் பழகிவிட்டது. வத்தல், வடகம் காயப்போட அடுத்த தெருவில் மொட்டைமாடி வைத்திருக்கிற சொந்தக்காரர்களோடு பழைய சண்டைகளை மறந்து ராசியானோம். தபால்காரர் எங்கள் தெருவுக்கு மட்டும் டார்ச் லைட் எடுத்து வந்தார். மல்லிகை மொட்டுகள் மூன்று மணிக்கே வெடித்ததால் பூக்கட்டுகிறவர்கள் நேரத்தை மாற்றினார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருட்டினால் சாப்பாடு என்ற பழக்கத்தை விடமாட்டேன் என்று மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் ஒரு ராச்சாப்பாடு கேட்டு, வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மத்தியான ராத்திரியில் பிறக்கும் பிள்ளைக்கு ஜாதகம் எப்படிக் கணிப்பது என்று ஜோசியர் மட்டும் ரொம்ப நாள் கவலைப்பட்டார். ஏன் வந்தது என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. தண்ணீர் எந்த நாள் வரும், கரண்ட் எப்போது போகும் என்பதற்கெல்லாம் காரணம் கேட்டு அலுத்துப்போன தெரு எங்களுடையது.

இதில் உண்மையாகவே வாழ்ந்தவர்கள் எதிர்வீட்டு ஆவுடையும் அவள் புருஷன் பால்வண்ணனும்தான்.

பால்வண்ணன் நூல் மில்லில் முழு நைட் பார்க்கிறவன். ராத்திரி ஒன்பதரைக்கு சைக்கிளை எடுத்தால் காலையில் தலையெல்லாம் பஞ்சோடு திரும்பி வருவான். ஆவுடைக்குக் காலேஜ் பெண்கள் விடுதியில் சமையல் வேலை. அவன் வருவதற்கு முன்பே இட்லி ஊற்றப் போய்விடுவாள், மத்தியானச் சாப்பாடு முடித்து வருவாள், ராச்சாப்பாட்டுக்கு மறுபடி போனால் அவன் கிளம்பிய பிறகுதான் வீடு திரும்புவாள். அவனுக்கு லீவு விழுகிற ராத்திரியில் அவள் வந்து பாயில் சாய்ந்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவாள், விடியுமுன் எழ வேண்டுமே. ஆக, இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே முழித்திருப்பது மத்தியானத்தில் கொஞ்ச நேரம். அந்தக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ்.

மத்தியானத்தில் புருஷன் பெண்டாட்டி இருக்கிற வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் பஞ்சுக்கடைத் தெருவில் அது செய்தி. கல்யாணமான புதிதில் ஒருநாள் சாத்தியிருந்தது. செண்பகம் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "என்ன ஆவுடை, இன்னிக்கு உச்சியிலயே நட சாத்தியாச்சா?" என்று கேட்டாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அந்த வீட்டு நீலக் கதவு மத்தியானத்தில் சாத்தியிருந்ததே இல்லை. அவன் ஈரத்துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு உள்ளே புரண்டு கிடப்பான், அவள் வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுவாள். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவர்களுக்கென்று ஒரு ராத்திரி வாய்க்கவில்லை.

மத்தியான ராத்திரி வந்த இரண்டாம் நாள் நீலக் கதவு சாத்திக்கொண்டது. தெருவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ராத்திரியில் கதவைச் சாத்தினால் யார் என்ன சொல்ல முடியும்? செண்பகத்துக்குக்கூடச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க ஆவுடை என்னிடம் வந்தாள். தலையில் பூ இருந்தது. டேப்பை இடுப்பில் சுற்றும்போது தானாகவே சொன்னாள்.

"யக்கா, நேத்து அவுக சிரிச்சாக. சிரிச்சா கன்னத்துல குழி விழுது. எனக்குத் தெரியவே தெரியாதுக்கா."

"அஞ்சு வருசமா பாக்கியேட்டி!"

"தூங்குத முகந்தானக்கா பாத்திருக்கேன்."

இப்போது தேரிமடை ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் எட்டு மணிக்கு அடங்கிவிடும். அதற்கு மேல் தலைவலி மாத்திரை வேண்டுமென்றால் மருந்துக்கடைக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பி, அவர் சாவியைத் தேடி, சட்டையைத் தேடி வந்து கடையைத் திறப்பதற்குள் தலைவலி போய்விடும். படித்த பிள்ளைகள் படிப்பு முடிந்த சூட்டோடு பெங்களூருக்கும் கோயம்புத்தூருக்கும் பஸ் ஏறிவிடும், தீபாவளிக்கு வரும், வந்த மறுநாளே "இங்க என்னதான் இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு திரும்பிப் போகும். நகர்மன்றத் தலைவி காந்திமதி அக்காவின் ஒரே மகளும் அப்படித்தான் போனாள். அக்கா அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயரை ஆளுயர எழுத்தில் வைத்து நடுவில் சிவப்பு இதயம் பொருத்தியதும், குளத்துக்கு நடுவில் நீரூற்று வைத்ததும் யாருக்காக என்று எங்களுக்குத் தெரியும். நீரூற்றில் வண்ணான்துறைக்காரர்கள் போர்வை அலசினார்கள். இதயத்தின் மேல் ஒரு ஆடு ஏறி நிற்கும்.

ஒரு தடவை சென்னையில் நடந்த கூட்டத்தில் கோட்டுப் போட்ட ஒருவர், ஊர் ட்ரெண்டியாக இருந்தால்தான் இளசுகள் தங்கும், ராத்திரி வாழ்க்கை இல்லாத ஊர் ட்ரெண்டியாக முடியாது என்று பேசினாராம். அக்கா திரும்பி வந்ததும் எல்லாக் கடைகளும் பதினோரு மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கடைக்காரர்கள் உட்கார்ந்து கொட்டாவி விட்டார்கள். கடைவீதியில் நாய்கள் மட்டும் உலாத்தின. நாலு நாளில் உத்தரவைக் கடைக்காரர்களும் மறந்தார்கள், அக்காவும் மறந்த மாதிரி இருந்துவிட்டார்.

அப்படிப்பட்டவரின் ஊருக்கு, கேட்காமலேயே, அதுவும் எல்லோரும் முழித்திருக்கிற நேரத்தில் ஒரு ராத்திரி கிடைத்தால் விடுவாரா?

முதலில் பக்கத்து ஊர்ப் பையன்கள் பைக்கில் வந்தார்கள். வெயிலுக்குள்ளிருந்து ஒரே எட்டில் இருட்டுக்குள் கால் வைப்பதைப் படமெடுத்துப் போட்டார்கள். பிறகு மதுரையிலிருந்து, கோயம்புத்தூரிலிருந்து, கடைசியில் பெங்களூரிலிருந்தே வந்தார்கள்; பக்கத்து ஊர்களில், வீட்டில் ராத்திரி வெளியே விடாத பெண்பிள்ளைகள் மத்தியானம்தானே என்று சொல்லிவிட்டு வந்தார்கள், ஆறு மணிக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்பதால் யாரும் தடுக்க முடியவில்லை. அவர்கள் நட்சத்திரத்துக்குக் கீழே ஜிகர்தண்டா குடித்துக்கொண்டு கைவீசி நடந்ததைப் பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பால் டிப்போ காபி ஷாப் ஆனது, பரோட்டாக் கல் மூன்று மணிக்குச் சூடானது, கிடார் வந்தது, கிடாருக்குப் பின்னால் ஆளுயர ஸ்பீக்கர் வந்தது. காந்திமதி அக்காவின் மகள் போனில் கூப்பிட்டு, "அம்மா, நம்ம ஊருதான் இப்ப ட்ரெண்டிங். அடுத்த மாசம் லீவு போட்டுட்டு வாரேன்" என்றாளாம். அக்கா அதை ஊரெல்லாம் சொன்னார்.

வந்தவர்களுக்கெல்லாம் நீலக் கதவு பிடித்துப்போனது. இருட்டில் அந்த நீலம் படத்தில் நன்றாக விழுகிறதாம். கதவில் சாய்ந்து நின்றார்கள், படியில் உட்கார்ந்து பாடினார்கள், ஒருவன் கதவைத் தட்டி, "கொஞ்சம் லேசா திறந்து வைங்க, உள்ள இருந்து வெளிச்சம் வந்தா நல்லாருக்கும்" என்று கேட்டான். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு விடவும் யோசித்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சில நாள் பார்த்துவிட்டு ஆவுடை மறுபடி கதவைத் திறந்து போட்டாள். முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவில் தன் வாசற்படியில் ஒண்டி உட்கார்ந்தாள். அவளையும் படம் எடுத்தார்கள்.

நானும் செண்பகமும் அவளைக் கூட்டிக்கொண்டு நகராட்சிக்குப் போனோம். காந்திமதி அக்கா அன்பாகத்தான் உட்காரச் சொன்னார்.

"சொல்லு தாயி, என்ன கஷ்டம்?"

"சத்தம் சாஸ்தியா இருக்குங்கம்மா. அவுக நைட் ஷிப்டு. தூங்கணும்."

"நெசந்தான். ஸ்பீக்கர கொஞ்சம் கொறைக்கச் சொல்லுதேன். ஆனா ஊருக்கு இப்பத்தான ஒரு நல்ல காலம் வந்திருக்கு? காலையில பூராவும் தூங்கலாம்லா அவரு?"

"காலையில நான் இருக்க மாட்டேனேம்மா" என்றாள் ஆவுடை, சொன்ன மாத்திரத்தில் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. தலைவலித் தைலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். செண்பகம் படியிறங்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தி, "யக்கா, அன்னிக்கு நான் கேலி பண்ணிருக்கக் கூடாது" என்றாள். செண்பகம் எதற்கும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆடி பிறந்ததும் ராத்திரிக்கு விழா எடுப்பது என்று நகர்மன்றம் முடிவு செய்தது. எங்கள் ஊரில் எந்த நல்லது நடந்தாலும் லைட் போடுவோம். கல்யாணத்துக்கு லைட், காதுகுத்துக்கு லைட், மந்திரி வந்தால் வழிநெடுக லைட். அதனால் ராத்திரிக்கும் லைட் போடுவது என்று ஏகமனதாக முடிவானபோது ஒருவருக்குக்கூட, எனக்கும் சேர்த்துத்தான், அது இடிக்கவே இல்லை. பால் டிப்போ பக்கம் உயர்கோபுர மின்விளக்கு ஒன்று, டிரான்ஸ்பார்மர் பக்கம் இன்னொன்று. வீட்டுக்கு வீடு சீரியல் செட். தெருவுக்குக் குறுக்கே பல்பிலேயே செய்த அம்மன், அம்மன் கையில் பல்பிலேயே செய்த நிலா.

மதியம் இரண்டரைக்கு, நல்ல இருட்டில், நாதஸ்வரம் முழங்க, காந்திமதி அக்கா பொத்தானை அழுத்தினார். தெரு கண்ணைப் பறித்தது. எல்லோரும் கைதட்டினோம். தட்டிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு பக்கமிருந்தும் பாயைச் சுருட்டுவது போல இருட்டு சுருண்டுகொண்டு வந்தது; பால் டிப்போவில் வெயில் விழுந்தது, டிரான்ஸ்பார்மரில் வெயில் விழுந்தது, சுருளச் சுருள நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்து, அங்கே காணாமல் போயின. நாதஸ்வரக்காரர் கண் கூசி வாசிப்பை நிறுத்தினார். வெயிலில் பல்பு எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

லைட்டை அணைத்துப் பார்த்தோம், வெயில்தான் இருந்தது. அம்மனைக் கழற்றிப் பார்த்தோம். ராத்திரி திரும்பி வர வேண்டுமென்று நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்து, விஷயம் என்னவென்று தெரிந்ததும் திரும்பி வந்து ஆதரித்தது. பலனில்லை. கிடார் போனது, ஸ்பீக்கர் போனது, காபி ஷாப் மறுபடி பால் டிப்போ ஆனது. மகள் போன் செய்து, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இதை அக்கா யாரிடமும் சொல்லவில்லை, அவர் வீட்டுக்கு ஜாக்கெட் கொடுக்கப் போனபோது முகத்தைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

ராத்திரி எங்கே போனது என்று முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். எதிர்வீடு, மெஷினுக்கு நேரே ஜன்னல், கண்ணும் சும்மா இருக்காது. விழா நடந்த மறுவாரம் ஒரு மத்தியானம் நீலக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கும் படிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில், நல்ல வெயில் வெளிச்சத்தில், ஒரு விரல்கடை அகலத்துக்கு இருட்டு தெரிந்தது. உற்றுக் கேட்டால் சில்வண்டுச் சத்தம் வந்தது. ஓட்டை ஜன்னல் வழியே ஒரு மின்மினி வெளியே வந்து, வெயிலைக் கண்டு திகைத்து, வந்த வழியே உள்ளே போனது.

செண்பகத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அவ்வளவும் அந்த ஒத்த ரூமுக்குள்ளயா இருக்கு?"

"நிலாவும் உள்ளதான் இருக்கும் போல."

"இருக்கட்டும்" என்றாள் செண்பகம். அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. தெருவைத் தாண்டி ஒரு வார்த்தை போகவில்லை. பஞ்சுக்கடைத் தெரு ஒரு விஷயத்தை வெளியே விடாமல் வைத்திருந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

ஆவணி நடுவில் அனன்யா வந்தாள். பெங்களூரில் ஊர்களைப் பற்றி எழுதுகிற ஒரு பத்திரிகையில் வேலை. எது ட்ரெண்டியான ஊர், எது இல்லை என்று அவள் எழுதினால், அதைப் படித்துவிட்டு ஆட்கள் மூட்டை கட்டுவார்களாம். தேரிமடையைத் தலைப்பிலேயே போடுவதாக இருந்தவள், ராத்திரி காணாமல் போன செய்தி தெரிந்தும், கொஞ்சமாவது மிச்சம் இருக்குமா பார்க்கலாம் என்று வந்திருந்தாள். காந்திமதி அக்கா குடை பிடித்துக்கொண்டு அவளைத் தெருவுக்குக் கூட்டி வந்தார். ஒரு சின்னத் துண்டு இருட்டு கிடைத்தாலும் போதும், அதை வைத்து எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பித்துவிடலாம் என்று அக்கா நினைத்தது அவர் நடையிலேயே தெரிந்தது.

அனன்யா என் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். நல்ல பெண், கேட்பதைக் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒரு ஊருக்கு ராத்திரி வாழ்க்கை முக்கியம்னு நீங்க நினைக்கிறீங்களா?"

"முக்கியமில்லாம இருக்குமா?" என்றேன். "ஆனா எங்க தெருவுல கிடையாதும்மா."

"அப்புறம் எதுக்காக இங்கேயே இருக்கீங்க?"

குடித்த செம்பை வாங்கி வைத்தேன். அவள் படியிறங்கித் தெருப் பக்கம் திரும்பியபோது, நீலக் கதவின் இடுக்கிலிருந்து அந்தப் பாழாய்ப்போன மின்மினி மறுபடியும் வெளியே வந்து, அவள் கைப்பையில் உட்கார்ந்து ஒரு தடவை மின்னியது.

"அந்த வீட்ல யார் இருக்காங்க?"

"ஆளில்ல" என்றாள் செண்பகம், எங்கிருந்தோ பாய்ந்து வந்து. "தூத்துக்குடிக்குப் போயிருக்காக. வர நாளாகும்."

அந்த நேரம் பார்த்துத்தானா உள்ளேயிருந்து ஆவுடை சிரிக்க வேண்டும்? வாய்விட்டுச் சிரித்தாள். கூடவே ஓர் ஆண் குரலும் சிரித்தது. அந்தக் குரல் எப்படி இருக்குமென்று அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது.

காந்திமதி அக்கா குடையை மடக்கினார். கதவடியில் இருந்த இருட்டைப் பார்த்தார். கதவருகே ஓர் எட்டு வைத்து, கையை ஓங்கினார், தட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். அக்கா ஓங்கிய கையோடு அப்படியே நின்றார். 'காலையில நான் இருக்க மாட்டேனேம்மா' என்று ஆவுடை சொன்னது இப்போதுதான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். கையை மெதுவாக இறக்கினார்.

"பூனை" என்றார்.

"பூனை சிரிக்குமா மேடம்?"

"எங்க ஊர்ப் பூனை சிரிக்கும். நீ வா தாயி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அவள் தோளில் கை போட்டுத் திருப்பினார். நாலு எட்டு நடந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்றுதான் அனன்யா நினைத்திருப்பாள்.

தேரிமடை எட்டு மணிக்கு அடங்கிவிடும் ஊர், ராத்திரி வாழ்க்கை சுத்தமாகக் கிடையாது, போனால் பரோட்டா மட்டும் நன்றாக இருக்கும் என்று அனன்யா எழுதியிருந்தாள். அதைச் செண்பகம் சத்தமாகப் படித்தாள், நாங்கள் சந்தோஷமாகக் கேட்டோம்.

இப்போதும் மத்தியானம் இரண்டு மணியானால் நீலக் கதவு சாத்திக்கொள்ளும். நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் தைக்கிற வேலையை எடுப்பேன். செண்பகம் டி.வி. சீரியல் சத்தத்தைக் குறைப்பாள். வெயில் மண்டையைப் பிளக்கும், யாரும் யாரையும் உரக்கக் கூப்பிட மாட்டோம், சைக்கிளில் வருகிறவர்கள் பால் டிப்போவிலேயே இறங்கி உருட்டிக்கொண்டு வருவார்கள்.

போன வாரம் ஒருநாள் மத்தியானம் இரண்டரைக்கு உப்பு விற்கிறவர் வந்தார். மூன்று தெரு தாண்டிக் கேட்கிற குரல் அவருக்கு. அன்றைக்கு வண்டியை மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்து, என் ஜன்னல் கம்பியில் வாயை வைத்து, "உப்பு வேணுமா?" என்று குசுகுசுத்தார். அடுத்த ஜன்னலுக்குப் போய் அங்கேயும் குசுகுசுத்தார். திரும்பி வரும்போது நிறுத்திக் கேட்டேன், யார் சொன்னது உங்களிடம் என்று.

நெற்றி வேர்வையை வழித்து உதறினார். வெயிலில் அவர் நிழல் காலடியை ஒட்டிக் குட்டையாகக் கிடந்தது.

"யாரும் சொல்லலயே" என்றார். "ராத்திரி நேரத்துல கத்துனா நல்லாவா இருக்கும்?"